கோவிவன் என்னும் நாயும் முகையூர்க் கோழியும்: ஊர் வரலாறு சொன்ன அனுபவங்கள்

முதல் பதிவு

திருவண்ணாமலை மாவட்டத்து நடுகற்களை, அதாவது இறந்துபட்ட வீரரின் நினைவாக நட்ட கற்களை, பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிடைப்பதுண்டு. பல்லவர் மரபு, ஆட்சியாண்டு, எழுத்தமைதி என்று தொடங்கினால் பிள்ளைகளின் கவனம் அருகிலுள்ள புளியமரத்துக்குப் போய்விடும். ஆகையால் எடுத்தனூர்க் கல்லின் முன் நின்றபோது, அரசனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, வீரனின் அருகில் செதுக்கப்பட்டுள்ள நாயிலிருந்தே தொடங்கினேன். அதன் பெயர் கோவிவன் என்றும், எருமைகளைக் காக்க நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்னும் சேவகன் இறந்துபட, அவனுடைய நாய் கள்ளனைக் கடித்துக் காத்திருந்தது என்றும் சொன்னதும், "நாய் பேரைப் போட்டிருக்காங்க, கள்ளன் பேரைப் போடலியே, ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். யாருடைய பெயர் கல்லில் ஏறும், யார் கல் எடுப்பார்கள், நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை முதலிய நிலைகள் எவை என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியின் பின்னாலேயே வந்தன. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டும் இறுதியில் இயல்பாக வந்து சேர்ந்தது.

நாயும் அங்கேயே உயிர்விட்டதாகக் கூட்டிச் சொல்வோர் இருக்கிறார்கள். கேட்பவர் கண்கலங்குவார்கள் என்பது உண்மைதான். ஆனால் கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. இல்லாததைச் சேர்க்காமலே சுவை கூட்ட முடியும் என்பது என் கருத்து.

இரண்டாம் பதிவு

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு கோழிக்கே நடுகல் உண்டு. முகையூர் மேற்சேரியைச் சேர்ந்த சண்டைச் சேவல் அது. அதைப் பற்றி நான் பேசத் தொடங்கியபோது, சேவற்சண்டை பழகிய பெரியவர் ஒருவர் அந்தச் சேவலின் நிற்கும் நிலையை என்னைவிட நன்றாக விளக்கிவிட்டார். அதன்பின் நான் கேட்பவனாக அமர்ந்துகொண்டேன்.

மூன்றாம் பதிவு

குடத்தில் பெயர் ஓலைகளை இட்டு ஊர் வாரியங்களுக்கு, அதாவது ஊராட்சிக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்த முறையைச் சொல்லும் உத்திரமேரூரின் 921-ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டை விளக்கும்போது, ஓலைக்குப் பதிலாகத் தாள் நறுக்குகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தோம். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது என்று தகுதிகளைப் படிக்கப் படிக்கக் கூட்டத்தில் பாதிப்பேர் விலகினார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரின் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்ற பகுதிக்கு வந்தபோதுதான் சிரிப்பு வெடித்தது. மகளை மணந்த மருமகனும் அந்தப் பட்டியலில் உண்டு என்றதும், முன்வரிசையில் இருந்த ஒருவர் தம் மாமனாரை மெல்லத் திரும்பிப் பார்த்தார்.