தலைவர் சீட்டு காலி, எங்கூர் கணக்கை யார்கிட்டத்தானுங்க கேக்கறது?

நொய்யல்கரை
எல்லாருக்கும் வணக்கமுங்க. 2025 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு போய்ட்டு வந்ததுல இருந்து மனசு ஆறல, அதான் இங்க எழுதறேன். எங்கூரு சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவுல, பேரு வேண்டாம். 2025 ஜனவரி 5ஓட தலைவர், வார்டு மெம்பர் எல்லார் பதவிக்காலமும் முடிஞ்சுது, அதுல இருந்து பீடிஓதான், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்தான், தலைவருக்கு பதிலா நிர்வாகம் பார்க்கற தனி அலுவலர். அவரு ஒன்றியம் பூராத்துக்கும் ஒரே ஆளு, அதனால எங்க சபையை நடத்த பற்றாளர்னு வேற ஒரு அலுவலரை அனுப்பிச்சாங்க.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில ஷாமியானா, பக்கத்துல ஊராட்சி வரவு செலவு கணக்கு, படிவம் 30ஐ, ஃப்ளெக்ஸ்ல அடிச்சு கட்டியிருந்தாங்க. குடிநீர் பராமரிப்புன்னு ஒரே வரி, ஒரே தொகை. நான் 22 வருசமா எரிஞ்ச மோட்டாருக்கு புதுசா காப்பர் கம்பி சுத்தி காயில் கட்டறவனுங்க, அதனால எந்த மோட்டாருக்கு என்ன வேலைன்னு கேட்டேன். கெழக்கால போர்வெல் மோட்டாரை ஏப்ரல்ல இருந்து ஜூலைக்குள்ள மூணு தடவை மேல எடுத்து காயில் கட்டினதா படிச்சாங்க. சபை முடிஞ்ச கையோட நேரா அந்த போருக்கு போனேன். கிளாம்ப் போல்ட்டுல ஸ்பேனர் உக்காராத அளவுக்கு துரு, தொட்டா பொட்டு பொட்டா உதிருது, கேசிங் வாய்ல சிலந்தி நூல் கட்டி அதுல பழைய வேப்பஞ்சருகு ஒட்டிக்கெடக்குது. நாலு மாசத்துல மூணு தடவை பைப்பை இழுத்து எறக்குன போர் இப்படி இருக்காதுங்க, எந்த மெக்கானிக்கையும் கூட்டிட்டு வந்து காட்டறேன். பற்றாளர்கிட்ட திரும்ப வந்து சொன்னேன். எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்னாரு. மேலன்னா யாருங்க? அதைத்தான் கேக்கறேன்.

காங்கயத்துக்காரன்
உங்க மூணு காயிலு சின்ன விசயமுங்க. மேல இருந்தே காசு ஓட்டை பானையில ஊத்தற மாதிரி போகுது, அடியில நீங்க சொட்டை எண்ணிட்டு இருக்கீங்க. 2025-26 மாநில பட்ஜெட்ல போட்டதே சொல்றேன், வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி, 2026 மார்ச் கடைசிக்கு கடன் 9.29 லட்சம் கோடிக்கு மேல. இதுல லேடீசுக்கு மாசம் ஆயிரம் உரிமைத்தொகை, பஸ் ப்ரீ. நான் ஸ்பின்னிங் மில்லு வச்சிருக்கேன், ஜிஎஸ்டி கட்டறேன், கரண்ட் பில்லு கட்டறேன், மாசாமாசம் பேங்க்காரனுக்கு பதில் சொல்றேன். கடன் வாங்கி வட்டி கட்டற யாரும் வீட்டுல தெனமும் விருந்து வைக்க மாட்டாங்க. கணக்கு கேக்கணும்னா மொதல்ல அதைக் கேளுங்க.

தறிவீட்டு_அம்மணி
அண்ணா, நீங்க பட்ஜெட் சொன்னீங்க, நானும் அதே பட்ஜெட்ல இருந்தே சொல்றேன். உரிமைத்தொகைக்கு 13,807 கோடி. மாநிலத்தோட மொத்த வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. நூறு ரூவாய்ல நாலு ரூவாய்க்கும் கம்மி. வட்டிக்கு மட்டும் அதைப்போல அஞ்சு மடங்கு போகுது. 9 லட்சம் கோடி கடனை இந்த நாலு ரூவா மேல ஏத்தி வைக்காதீங்க.

நான் கைத்தறில பெட்ஷீட் நெய்யறேன், எங்க வீட்டுக்காரரு பாவு நூலுக்கு கஞ்சி போடற சைசிங் வேலைக்கு போறாரு. 2023 செப்டம்பர் 15ல இருந்து வர்ற அந்த ஆயிரத்துல என்ன பண்றேன்னு ஒருத்தரும் என்னைக் கேக்க வேண்டியதில்ல, ஆனாலும் சொல்றேன். மாமியாருக்கு சுகர் மாத்திரை, மிச்சத்துல பையனுக்கு டியூசன் பீசு. முன்னாடி அந்த மாத்திரைக்கு நூல்கடைக்காரர்கிட்ட அட்வான்ஸ் வாங்கி, அந்த வாரக்கூலியில கழிச்சுட்டுத்தான் மிச்சம் கைக்கு வரும். விருந்துன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தை எனக்கு ரொம்ப வலிக்குதுண்ணா.

இன்னொன்னும் சொல்லிர்றேன். தோட்டத்து மோட்டாருக்கு கரண்ட் இலவசம், விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசம், எங்க கைத்தறிக்கு 300 யூனிட். இது எதையும் நம்மூர்ல யாரும் ஓசின்னு சொல்றதில்ல, சொல்லவும் கூடாது. 1970ல பெருமாநல்லூர்ல கரண்ட் ரேட்டுக்காக போராடி துப்பாக்கிச்சூட்டுல செத்தவங்க நம்ம மண்ணு விவசாயிங்க. கேட்டு வாங்கினது அது. பொம்பளை கைக்கு வந்தா மட்டும் அது எப்படி ஓசி ஆகுது?

காங்கயத்துக்காரன்
அம்மணி மன்னிச்சுக்கோங்க, விருந்துன்னது தப்பு, வாபஸ். ஆனா கேள்வி அப்படியே நிக்குது. விவசாய கரண்ட்ல நெல்லு வருது, மஞ்சள் வருது, தறி கரண்ட்ல துணி வருது. ஆயிரம் ரூவாய்ல என்ன வந்துச்சுன்னு அரசாங்கம் எங்க கணக்கு காட்டியிருக்கு? 2023ல 1.06 கோடி பேருக்கு குடுத்தோம்கறது செலவுக் கணக்கு, பலன் கணக்கு இல்ல. என் மில்லுல மிசினு வாங்கினா எத்தனை கிலோ நூல் எச்சா வந்துச்சுன்னு பார்ப்பேன்.

தறிவீட்டு_அம்மணி
இந்தக் கேள்வி நல்ல கேள்வி, கேளுங்க, நானும் சேர்ந்து கேக்கறேன். அதோட இதையும் சேர்த்துக்கோங்க: எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு வரல. வருசம் 3,600 யூனிட்டுக்கு மேல கரண்ட் ஓடக்கூடாதுன்னு விதி, ஒரே மீட்டர்ல மூணு குடும்பம் குடியிருக்குது, யூனிட்டு மூணு வீட்டுது, பேரு மட்டும் அந்தக்காவுது. எந்தக் காரணத்துல எத்தனை மனு தள்ளுபடி ஆச்சுன்னு ஊராட்சி வாரியா கிராம சபையில படிச்சா அஞ்சே நிமிசத்துல ஊரே சொல்லிரும் யாரு தப்பா விட்டுப்போச்சு, யாரு தப்பா உள்ள வந்திருக்காங்கன்னு.

மாநிலஉரிமை_ஈரோடு
எல்லாரும் மெயினானதை விட்டுட்டீங்க. பள்ளிக்கல்விக்கு 2024-25ல வரவேண்டிய 2,152 கோடியை ஒன்றிய அரசு அவங்களோட பிஎம்ஸ்ரீ பள்ளித் திட்டத்துல நாம கையெழுத்து போடலைன்னு நிறுத்தி வச்சாங்க. நூறு நாள் வேலைக்கு 4,034 கோடி பாக்கின்னு இந்த மார்ச்சுல ஊர் ஊரா போராட்டம் நடந்துச்சு. மாநிலங்களுக்குப் பிரிக்கற ஒன்றிய வரியில நம்ம பங்கு 15வது நிதிக்குழு கணக்குல 4.079 சதவீதம், நாம கட்டறதுக்கு அது எந்த மூலைக்கு? கை ரெண்டையும் கட்டிப்போட்டுட்டு மாநிலத்துகிட்ட கணக்கு கேக்கறது நியாயமே இல்லைங்க. கேள்வியை டெல்லிக்கு அனுப்புங்க.

முன்னாள்_வார்டு
தம்பி நீங்க சொன்னது அத்தனையும் சரி, ஒரு வார்த்தை கூட மறுக்கல, நானும் அந்த போராட்டத்துல வெயில்ல நின்னவன்தான். ஆனா அதே கேள்வியை ஒரு படி கீழ எறக்கிப் பாருங்க. அரசியல் சட்டத்துல 73வது திருத்தம் வந்து 1993 ஏப்ரல் 24ல அமலாச்சு, 11வது அட்டவணைல 29 விசயம் ஊராட்சிக்குன்னு பட்டியலு இருக்கு. அஞ்சு வருசம் முடியறதுக்குள்ள தேர்தல் முடிக்கணும்னு அதே சட்டத்துல 243இ பிரிவு சொல்லுது. இங்க என்ன நடந்துச்சு? 2016ல முடிஞ்சு 2019 டிசம்பர் வரைக்கும் தனி அலுவலர். இப்ப 2025ல மறுபடியும் தனி அலுவலர். வார்டு மறுவரையறைன்னு காரணம் சொல்றாங்க, அஞ்சு வருசம் முடியப்போகுதுன்னு அஞ்சு வருசம் முன்னாடியே தெரியாதா? தேர்ந்தெடுத்த அமைப்பு இருந்தாத்தான் 15வது நிதிக்குழு மானியம்கறது நிபந்தனை, அதுல 60 சதவீதம் தண்ணிக்கும் சுத்தத்துக்கும்னே கட்டிப்போட்ட காசு. நம்ம தேர்தலை நாமளே தள்ளிப்போட்டுட்டு காசு வரலைன்னு யாரைச் சொல்றது. மாநிலத்துக்கு சுயாட்சி வேணும்னு கேக்கற நாக்கு, ஊராட்சிக்குன்னு வர்றப்ப ஏன் ஒட்டிக்குது? எனக்கு ரெண்டும் வேணும்.

மாநிலஉரிமை_ஈரோடு
ரெண்டையும் ஒண்ணா வைக்கறது சரியில்லைங்க. மாநிலம்கறது ஒரு மொழி, ஒரு மக்கள், அதுக்கு ஒரு சட்டமன்றம் இருக்கு. ஊராட்சிக்கு சொந்த வருமானம் என்ன இருக்கு? வீட்டு வரி, தண்ணி வரி. மிச்சம் மாநிலம் குடுக்கறது, சொந்த வரி வருவாய்ல 10 சதவீதம் மாநில நிதி ஆணையக் கணக்குப்படி உள்ளாட்சிக்கு வந்துட்டுத்தான் இருக்கு. தலைவர் இல்லைனாலும் வருது.

முன்னாள்_வார்டு
வருது. அதை எதுக்கு செலவு பண்றதுன்னு ஊர்ல ஒருத்தரும் தீர்மானம் போடறதில்ல, அதான் பிரச்சனை.

காங்கயத்துக்காரன்
வார்டு அண்ணா, தலைவர் இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சு? டெண்டரு மச்சானுக்கு, ஜல்லி ஒறம்பரைக்கு, தெருவிளக்கு சொந்த சாதி தெருவுக்கு. தனி அலுவலருக்கு ஊர்ல ஒறம்பரையும் இல்ல, ஓட்டும் வேண்டாம். எனக்கென்னமோ அதிகாரி ஆட்சியே தேவலைன்னு தோணுது.

முன்னாள்_வார்டு
நான் மெம்பரா இருந்தப்ப அதெல்லாம் நடந்துச்சு, கண்ணால பார்த்தேன், ரெண்டு தடவை எதிர்த்து தீர்மான நோட்டுல எழுதியும் வச்சேன், ஒரு தடவை பயந்து பேசாம இருந்தேன். அந்த ஒரு தடவை இன்னும் உறுத்துது. ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க தலைவரம்மா காலையில பால் சொசைட்டிக்கு வந்துதான் ஆகணும். அங்க கேன் வச்சுட்டு வரிசையில நிக்கறப்ப எங்க தெரு பொம்பளைங்க நாலு பேரு தண்ணி வரலைன்னு பிடிச்சா பதில் சொல்லாம நகர முடியாது, சாயங்காலத்துக்குள்ள டேங்க் ஆபரேட்டரு வந்து நிப்பாரு. தனி அலுவலரு எங்க வரிசைக்கு வரமாட்டாரு. அவரு நல்லவரா கெட்டவராங்கறதே எனக்கு தெரியாதுங்க, பார்த்ததே இல்ல.

ஊராட்சிப்பணி
நான் ஒரு ஊராட்சி செயலர், எங்கன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பக்கமும் தப்பா பேசறீங்கன்னு நினைக்கறேன். மாநிலத்துல 12,525 கிராம ஊராட்சி, 388 ஒன்றியம், சராசரி பார்த்தா ஒரு பீடிஓவுக்கு 32 ஊராட்சி. அவருக்கு கூட்டம், வீடியோ கான்பரன்ஸ், வீடு கட்டற திட்டம், எல்லாம் முடிச்சு எங்க பைலை ராத்திரி ஒம்போது மணிக்கு பார்க்கறாரு. மோட்டார் ரிப்பேருன்னா இன்னைக்கே சரி பண்ணணும், மக்கள் காலிக்குடத்தோட ரோட்டுக்கு வந்துருவாங்க, பாஸ் ஆகற வரைக்கும் மெக்கானிக்குக்கு கடன் சொல்றது நாங்க. மூணு மாசம் கழிச்சு பில்லு பாஸ் ஆகும். அதனால சில இடத்துல வேற வேலைக்கு ஆன செலவை மோட்டார் தலைப்புல எழுதறது உண்டு. திருட்டுன்னு எல்லாத்தையும் சொல்லிராதீங்க.

நொய்யல்கரை
சார், உங்க கஷ்டம் புரியுது, நானே ஊராட்சிக்கு கடனுக்கு வேலை செஞ்சு எட்டு மாசம் அலைஞ்சவன்தான். ஆனா வேற வேலைக்கு ஆனதை இந்த தலைப்புல எழுதினா, நாளைக்கு அந்த மோட்டார் நெசமாவே எரிஞ்சு போச்சுன்னா என்ன ஆகும்? இந்த வருசம் இதுக்கே மூணு தடவை செலவாயிருச்சுன்னு சொல்லி எஸ்டிமேட்டு போட மாட்டாங்க. எங்க கெழக்கால வளவுல 40 வீடு அந்த ஒரு போரை நம்பி இருக்கு. பேப்பர்ல அது புது மோட்டாரு, தரையில அது எட்டு வருச பழசு.

அத்திக்கடவு அவிநாசி திட்டத்தைப் பாருங்க, 1,916 கோடி, 1,045 குளம் குட்டை, 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. அறுபது வருச கோரிக்கை. அதுல ஒரு வசதி என்னன்னா குளம் கண்ணு முன்னாடி கெடக்குது, தண்ணி வந்துச்சா வரலையான்னு ஆடு மேய்க்கறவரு பார்த்துச் சொல்லிருவாரு. போர் மோட்டாரு 600 அடிக்கு கீழ இருக்குதுங்க. அதனாலதான் அதோட பேப்பரு ஊர் கண்ணுக்கு தெரியணும்.

ஊராட்சிப்பணி
சரி, நீங்க தொழில் தெரிஞ்சவரு, நேரா சொல்றேன். ஃப்ளெக்ஸ்ல இருக்கற மொத்தத் தொகையை வச்சு சண்டை போடாதீங்க, ஒண்ணும் வராது. தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூவா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்க, 30 நாள்ல பதில் தரணும். ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனி வவுச்சர் நகல் கேளுங்க. அந்தச் சட்டத்துல பணியை நேர்ல பார்வையிடவே உரிமை இருக்கு, பிரிவு 2, உட்பிரிவு இங்கிலீசுல ஜே. அதையும் மனுவுல எழுதுங்க.

நொய்யல்கரை
நன்றிங்க சார். வவுச்சரோட இன்னொன்னும் கேக்கப்போறேன். காயில் புதுசா கட்டினா எரிஞ்ச பழைய காப்பர் கம்பி வெளிய வரும், அது எடைக்கு காசு. ஒண்ணு ஊராட்சி ஸ்டாக்குல ஏறியிருக்கணும், இல்லைனா மெக்கானிக்கு பில்லுல கழிச்சிருக்கணும். மூணு தடவை கட்டியிருந்தா மூணு தடவை கம்பி வந்திருக்கணும். அது எந்த ரிஜிஸ்டர்ல இருக்குன்னு காட்டச் சொல்றேன்.

காங்கயத்துக்காரன்
இந்தக் காப்பர் கேள்வி எனக்குப் பிடிச்சுது, எங்க மில்லுல நான் கேக்கறதும் இதேதான். இலவசத்துல என் கருத்து மாறல, அதிகாரி ஆட்சி பத்தியும் முழுசா மாறல. ஆனா மனு நகலை இங்க போடுங்க, எங்கூர்லயும் ரெண்டு போரு இருக்கு.

தறிவீட்டு_அம்மணி
அடுத்த சபை அக்டோபர் 2. எங்க ஊராட்சியில மக்கள்தொகை 3,000த்துக்கு மேல, 200 பேரு வந்தாத்தான் சபை செல்லும். போன தடவை நூறு நாள் வேலைக்காரங்களை உக்கார வச்சு கையெழுத்து வாங்கிட்டு அரை மணி நேரத்துல முடிச்சுட்டாங்க. இந்தத் தடவை எங்க குழுல இருந்து 35 பேரு மொத வரிசையில உக்கார்றோம். தள்ளுபடி ஆன மனு பட்டியலு, மோட்டார் வவுச்சரு, ரெண்டையும் படிச்சு முடிச்சாத்தான் தீர்மான நோட்டுல கையெழுத்துன்னு பேசி வச்சிருக்கோம். நொய்யல் அண்ணா, மனு திங்கக்கெழமையே போட்டுருங்க, அப்பத்தான் 30 நாள் சபைக்கு முன்னாடி முடியும்.