கதை கேட்டு வளர்ந்த மகள் இப்போது புத்தகத்தைத் திறப்பதில்லை, எங்கே தவறினோம்?

கேள்வி: இரு பிள்ளைகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பத்து வயது; ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். மூன்று வயது முதல் ஏழு வயது வரை, நான் கதை வாசிக்காமல் அவள் உறங்கிய இரவே இல்லை. ஒரே கதையை நாற்பது முறையாவது கேட்டிருப்பாள். நான் ஒரு சொல்லை மாற்றிவிட்டால்கூட என் கையைப் பிடித்து நிறுத்தித் திருத்துவாள். அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியதும், "இனி நீயே வாசித்துக்கொள்ளலாம்" என்று பெருமையோடு சொல்லிப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். அந்த இரவோடு எங்கள் கதை நேரம் நின்றுபோனது. அதை ஓர் இழப்பாக நான் கருதவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்றே எண்ணினேன்.

இப்போது நான் சொன்னால்தான் புத்தகத்தைக் கையில் எடுக்கிறாள். எடுத்தாலும் ஒரு பக்கம் முடிவதற்குள் நிறுத்திவிட்டு, இன்னும் எத்தனை பக்கங்கள் மீதமிருக்கின்றன என்று புரட்டி எண்ணுகிறாள். சென்ற ஆண்டு ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன்: ஒரு புத்தகத்தை முடித்தால் ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரங்கள் சேர்ந்தால் ஒரு பரிசு. முதல் மாதம் நன்றாகவே நடந்தது. பிறகு அலமாரியில் மிக மெலிந்த புத்தகங்களாகத் தேடி எடுக்கத் தொடங்கினாள். கதை எப்படி இருந்தது என்று கேட்டால், "முடிச்சுட்டேன்" என்பது மட்டுமே பதிலாக வருகிறது.

மகனின் நிலை வேறு. அவன் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை சாப்பிடும்போதும் புத்தகத்தை மூடாதவன், இப்போது பாடநூலைத் தவிர எதையும் தொடுவதில்லை. கைப்பேசியைக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் கைப்பேசி கையில் இல்லாத நேரத்திலும் அவன் அலமாரிப் பக்கம் திரும்புவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். இருவரின் மதிப்பெண்களிலும் குறையில்லை. என் கவலை அதைப் பற்றியதன்று. வாசிப்பில் நான் கண்ட மகிழ்ச்சி இவர்களுக்குக் கிடைக்காமலே போய்விடுமோ என்பதுதான் என் வருத்தம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை

அன்புச் சகோதரிக்கு வணக்கம். மகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மகனின் வயதுப் பிள்ளைகளுடன் பழகியவர்கள் அவனைப் பற்றிச் சொல்லட்டும்.

அவளுக்கு வாசிக்கப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், வாசிப்பது அவளுக்கு எளிதாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கங்களை எண்ணும் பிள்ளைகளில் பலர் சோம்பேறிகள் அல்லர், களைத்துப்போனவர்கள். அவள் இதுவரை பார்த்திராத ஒரு கதையிலிருந்து ஒரு பக்கத்தை உங்கள் அருகில் அமர்ந்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள்; விரல் எந்தச் சொல்லின் கீழ் நிற்கிறது, மூச்சு எங்கே முறிகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். வாசித்து முடித்ததும் அதில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அடுத்த பக்கத்தை நீங்களே வாசித்துக் காட்டிவிட்டு, அதே கேள்வியைக் கேளுங்கள். நீங்கள் வாசிக்கும்போது முழுமையாகப் புரிந்துகொண்டு, தானே வாசிக்கும்போது தடுமாறினால், சிக்கல் எழுத்தைச் சொல்லாக்கும் வேலையில் இருக்கிறது. இரண்டிலும் புரியவில்லையென்றால், சொல்வளமும் அந்தப் பொருள் பற்றிய அறிமுகமும் குறைவாக இருக்கின்றன என்று பொருள். 1986ஆம் ஆண்டில் காஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை, எழுத்தைச் சொல்லாக்கும் திறன், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனாக விளக்கினார்கள். கூட்டல் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒன்று சுழியமானால் மற்றொன்று எவ்வளவு இருந்தாலும் விடை சுழியமே. வகுப்பறையில் நான் கண்டதும் அதுவே.

தமிழ் வாசிக்கும் பிள்ளைக்கு மேலும் ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது. அவள் நாள் முழுவதும் கேட்பது "வந்துட்டிருந்தான்". புத்தகத்தில் பார்ப்பது "வந்துகொண்டிருந்தான்". நீங்கள் ஏழு வயது வரை வாசித்துக் காட்டியபோது அவளுடைய காது அந்த எழுத்துமொழியைப் பழகிக்கொண்டிருந்தது. நீங்கள் நிறுத்திய நேரத்திலோ, வாசிக்க வேண்டிய வாக்கியங்கள் நீளத் தொடங்கின. மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது, நான்காம் வகுப்பிலிருந்து கற்பதற்காக வாசிக்க வேண்டியிருக்கிறது என்று ஜீன் சால் என்னும் கல்வியாளர் விளக்கியிருக்கிறார். அந்தத் திருப்பத்தில்தான் பெற்றோர் பலர், உங்களைப் போலவே நல்லெண்ணத்தோடு, கையை விட்டுவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரிவதும் ஒரு கதைக்குள் தங்கு தடையின்றி நடப்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே சில ஆண்டுகள் இருக்கின்றன.

ஆகவே இன்றிரவே மீண்டும் வாசித்துக் காட்டத் தொடங்குங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது குழந்தைத்தனமன்று. அவளால் தானாக வாசிக்க இயலாத அளவுக்குச் சற்றுக் கடினமான, நீண்ட கதையாகத் தேர்ந்தெடுங்கள். அவள் தானே வாசிப்பதற்கோ, அவளுக்கு மிக எளிதான புத்தகங்களைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே வாசித்ததையே மறுபடியும் எடுத்தால் தடுக்காதீர்கள். தெரிந்த கதையில்தான் கண்ணுக்கு வேகம் வரும்.

மறுமொழி: உளவியல் மாணவி

அந்த நட்சத்திர அட்டவணையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர், வண்ணப் பேனாக்களால் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் காட்டிய மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு, வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதே பரிசைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குப் பரிசே இல்லை. சில நாட்கள் கழித்துப் பேனாக்களை மீண்டும் வகுப்பறையில் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற இரு குழுக்களைக் காட்டிலும் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. ஆக, பரிசு பெற்றதனால் ஆர்வம் குறையவில்லை. பரிசுக்காகவே செய்கிறோம் என்ற எண்ணம்தான் அதைக் குறைத்தது. உங்கள் மகள் மெலிந்த புத்தகங்களைத் தேர்ந்தெடுத்ததில் அவளுடைய தவறு ஏதுமில்லை. நட்சத்திரம்தான் இலக்கு என்றால், அது மிகச் சரியான கணக்கு. அட்டவணையை விளக்கம் எதுவும் சொல்லாமல், சண்டை வந்த நாளில் அல்லாமல் ஒரு சாதாரண நாளில் எடுத்துவிடுங்கள்.

மறுமொழி: மூன்று பிள்ளைகளின் தந்தை

ஆசிரியை அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதுபோன்ற உரையாடல்களில் இறுதியில் எல்லோரும் "பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. என் மூத்தவனை அப்படி விட்டேன். அவன் விரும்பியது எதுவென்றால், கையருகே எது ஒளிர்ந்ததோ அது. அடுத்த இருவருக்கும் ஒரு வழக்கத்தை வைத்தேன்: இரவில் இருபது நிமிடங்கள் வீட்டில் எந்தத் திரையும் இயங்காது, என்னுடையது உட்பட. அந்த நேரத்தில் எதை வாசிப்பது, பாதியில் போட்டுவிட்டு வேறொன்றை எடுப்பதா, படங்களை மட்டும் பார்ப்பதா என்பதெல்லாம் அவர்கள் உரிமை. வாசித்ததைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நேரத்தை நாம் காத்துக் கொடுக்க வேண்டும். புத்தகத்தை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். தந்தை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு "போய் வாசி" என்று சொன்னால், வாசிப்பு பெரியவர்கள் தப்பித்துக்கொண்ட ஒரு கடமை என்றே பிள்ளை புரிந்துகொள்ளும்.

மறுமொழி: பள்ளி நூலகர்

அம்மா, உங்கள் மகனைப் பற்றிச் சொல்கிறேன். நம் மொழியில் "படி" என்பது ஒரே சொல். கதையையும் படிக்கிறோம், தேர்வுக்கும் படிக்கிறோம். ஏழாம் எட்டாம் வகுப்புக்கு மேல் ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை முறை "படி" என்ற ஏவலைக் கேட்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். பாடநூலில் ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் வினா வருகிறது. நாளடைவில் அவன் எந்த அச்செழுத்தைப் பார்த்தாலும், இதில் என்ன கேட்பார்கள் என்று தேடும் கண்ணோடு பார்க்கிறான். நூலகத்துக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கதைப் புத்தகத்தைத் திறந்து முதல் பத்தியின் கீழ்ப் பென்சிலால் கோடு போடுவதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் போடச் சொல்லவில்லை. உங்கள் மகனுக்கு வாசிப்பின் மீது வெறுப்பு வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வாசிப்பும் உழைப்பும் அவன் மனத்தில் ஒன்றாகிவிட்டன. அவன் ஓய்வைத் தேடுகிறான், அவ்வளவே.

இன்னொன்றையும் பாருங்கள். பன்னிரண்டு வயதில் அவன் விரும்பிய புத்தகங்கள் இப்போது அவனுக்குச் சிறியவையாகிவிட்டன. பெரியவர்களின் புத்தகங்களுக்குள் நுழையும் வாசல் இன்னும் திறக்கவில்லை. இந்த இடைவெளியில் பல நல்ல வாசகர்களை நாம் இழக்கிறோம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது ஒன்று. அந்த நூல் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தொடர்ந்து மூன்று மாதங்கள் பூச்சிகளைப் பற்றிய படக் கலைக்களஞ்சியம் ஒன்றை மட்டுமே எடுத்துச் சென்ற மாணவனை எனக்குத் தெரியும். அவனுடைய ஆசிரியர் அதை வாசிப்பாகவே கருதவில்லை. அவனோ, வகுப்பில் வேறு எவரும் தொடாத நீண்ட அறிவியல் கட்டுரைகளை, சொற்களைத் தேடித் தேடி, வாசித்துக்கொண்டிருந்தான். 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல சான்று: பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஒரு பகுதியைக் கொடுத்தபோது, ஆட்டத்தை நன்கு அறிந்த, ஆனால் வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், ஆட்டத்தை அறியாத சிறந்த வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். உங்கள் மகன் எதைப் பற்றி நிறுத்தாமல் பேசுகிறான் என்று பாருங்கள். அதைப் பற்றிய ஒரு புத்தகத்தை, அவனிடம் நேராக நீட்டாமல், அவன் அமரும் இடத்தில் வைத்துவிடுங்கள். தேர்வுக் காலத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடியே நேற்று மகளை வாசிக்கச் சொன்னேன். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. சிறிய சொற்களில் அவள் எங்கும் நிற்கவில்லை. "மரக்கிளையிலிருந்தவாறே" என்ற சொல்லில் மூன்று முறை தொடங்கி, கடைசியில் அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நான் வாசித்த பக்கத்தை வரிக்கு வரி திருப்பிச் சொன்னாள். மூன்று ஆண்டுகளாக இதைக் கவனிக்காமலே இருந்துவிட்டு, சென்ற ஆண்டு முதல் நட்சத்திரம் வேறு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்படிப்பட்ட சொற்களுக்கு என்ன செய்வது? ஒவ்வொரு முறையும் நான் சொல்லிக்கொடுத்தால் அவளுடைய தன்னம்பிக்கை போய்விடாதா?

மறுமொழி: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை

உங்களை நொந்துகொள்ளாதீர்கள், சகோதரி. மதிப்பெண் நன்றாக வரும் பிள்ளையிடம் இதை ஆசிரியர்களே காணத் தவறுகிறோம். அவள் வாசிக்கப்போகும் பக்கத்தை நீங்கள் முன்கூட்டியே பார்த்து, அத்தகைய நெடுஞ்சொற்கள் நான்கைந்தில் மட்டும் பென்சிலால் மெல்லிய கோடு கிழித்துப் பிரித்து வையுங்கள்: மரக் | கிளையில் | இருந்தவாறே. பிரிந்த துண்டுகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்த சொற்களே என்பதை அவளே கண்டுகொள்வாள். அந்தப் பத்தியை முதலில் நீங்கள் ஒருமுறை வாசியுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து ஒரே குரலில் வாசியுங்கள், அடுத்து அவள் தனியாக வாசிக்கட்டும். நாளுக்கு ஒரு பத்தி போதும். மீதிக் கதையை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பென்சிலை அவள் கையில் கொடுத்து, எங்கே கோடு போட வேண்டும் என்று அவளையே போடச் சொல்லுங்கள். தவறான இடத்தில் போட்டாலும் அழிக்க வேண்டாம். உரக்க வாசிக்கும்போது அவள் காதே திருத்திவிடும்.