புதுப்பிப்பு: ‘ஃப்ரீ லைவ்!’ ஒரே இரவுப் பதிவு அல்ல

ஃப்ரீ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1971ஆம் ஆண்டு மேடைத் தொகுப்பான ‘ஃப்ரீ லைவ்!’ முழுவதும் இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் ஊரில் ஒரே இரவில் பதிவானது என்று இந்த இழையின் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். அது பிழை, வருந்துகிறேன். 1970இல் சண்டர்லேண்டிலும், லண்டனின் தெற்கே உள்ள குரோய்டனிலும் பதிவானவற்றுள், சண்டர்லேண்டிலிருந்து இரண்டு பாடல்களே தேறின. ஆனால் அங்கிருந்த ரசிகர்களின் ஆரவாரம் அவ்வளவு உயிர்ப்போடு இருந்ததால், ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் அதையே குரோய்டன் பாடல்களுக்கு இடையிலும் இணைத்துவிட்டார். என்னை ஏமாற்றியது அந்த இணைப்புத்தான்.

கடைசிப் பாடலில் கைதட்டலே இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது ஸ்டுடியோவில் பதிவானது.

இவை தெரிந்த பிறகு நேற்றிரவு ஹெட்போனில் மறுபடி கேட்டேன். ‘மிஸ்டர் பிக்’ பாடலின் நடுவே, பால் கோசாஃபின் கிட்டார் ஒரே சுரத்தை அதிரவிட்டு நிற்க, 18 வயதே ஆன ஆண்டி ஃப்ரேசரின் பேஸ் கிட்டார் படிப்படியாக மேலேறி முழுப் பாடலையும் தன் கைக்குள் கொண்டுவரும் இடத்தில், டிரம்ஸ் வாசிக்கும் சைமன் கிர்க் ஓர் அடிகூட மிகையாக அடிப்பதில்லை. ஆரவாரம் எந்த ஊருடையதாக இருந்தாலும், அந்த வாசிப்பில் ஒட்டு எதுவும் இல்லை என்றே நம்புகிறேன்.

முதல் பதிவைத் திருத்திவிட்டேன்.