ரப்பர் மறுநடவுக்கு 105 ஆ, 430 ஆ?

தாம்பரம் தாஸ்:
குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் அப்பா 1992-ல் நட்ட ஒன்றரை ஏக்கர் ரப்பரை முறித்தாயிற்று. ஜூன் மழைக்கு மறுநடவு. அப்பாவுக்கு ஆர்ஆர்ஐஐ 105 என்ற ரப்பர் ரகம் தவிர வேறு பேச்சே கிடையாது. எனக்கு ஆர்ஆர்ஐஐ 430 ரகத்தின் மேல் ஒரு கண். நானோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அனந்தபுரி ரயில் பிடித்து ஊருக்குப் போகிறவன். எதை வைக்கலாம்?

அருமனை அண்ணாச்சி:
அப்பா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. 105 கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-ல் வெளியிட்ட ரகம். என் மகள் கல்யாணத்தை நடத்தியதே அந்தப் பால்தான். ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டே நடத்தினேன்.

வேளச்சேரி ரப்பர்காரன்:
கல்யாணம் நடந்தது சரி அண்ணாச்சி, அப்புறம் மரத்துக்கு என்ன ஆயிற்று? என் 105 மரங்களில் பாலெடுக்கக் கத்தி வைத்தால் பட்டை வெட்டின் ஒரு முனையில் நாலு சொட்டு, மீதி நீளத்துக்கு வெறும் ஈரம். பட்டையைச் சீவிப் பார்த்தால் உள்ளே பழுப்புக் கோடு. பட்டை காய்ந்து பால் நின்றுபோகிற இந்த நோய்க்கு மருந்தும் இல்லை. 430 அதே 105-ஐ இலங்கையின் ஆர்ஆர்ஐசி 100 உடன் சேர்த்து எடுத்த ரகம்தான். 2005-ல் 414 என்ற இன்னொரு ரகத்துடன் வந்தது. பாலிலும் பருமனிலும் தாயை மிஞ்சிய பிள்ளை.

அருமனை அண்ணாச்சி:
பட்டை காய்ந்தது ரகத்தாலா, வெட்டாலா? ரப்பர் வாரியம் சொல்வது மூன்று நாளைக்கு ஒரு வெட்டு. நீங்கள் வேளச்சேரியில். ஊரில் பங்குக்கு வெட்டுகிறவர் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவார், விலை ஏறினால் தினமும். எந்த மரம் தாங்கும்? இன்னொன்று, பாலை லிட்டரில் அளக்காதீர்கள், அதை உறைய வைத்துக் காயவைத்த ஷீட்டை எடை போடுங்கள். பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மழைக்காலத்தில் அதுவும் குறையும்.

வேளச்சேரி ரப்பர்காரன்:
வெட்டு விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வரப்பு ஓரம் பழைய ஆர்ஆர்ஐஎம் 600 ரகம் கொஞ்சம் நிற்கிறது. அதே ஆள், அதே கத்தி, அதே நாள். பால் 105 அளவுக்கு இல்லை, ஆனால் காய்ந்த மரம் ரொம்பக் குறைவு. (கேரளத்தில் 600-க்கு மழைக்கால இலையுதிர்வு பெரிய தொல்லை. குமரியில் அது குறைவு என்பது நம் அதிர்ஷ்டம்.) அப்புறம் ரகத்துக்குப் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது?

வளர்ச்சிக்கு வருகிறேன். ரங்கநாதன் தெருவில் வாங்கிய தையல்காரர் டேப்பை எடுத்துப் போய், ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேல் 125 செ.மீ. உயரத்தில் ஒவ்வொரு மரமாகச் சுற்றி அளந்தேன். 50 செ.மீ. வந்தால்தான் கத்தி வைக்கலாம். ஆறாம் வருடத்திலேயே என் 430-ல் பெரும்பாலானவை அதைத் தொட்டுவிட்டன. பக்கத்துத் தோட்டத்து 105 நாலைந்து செ.மீ. பின்னால். ஒரு வருடம் முன்னால் வெட்டு தொடங்கினால் அந்தப் பணம் யாருக்கு?

களியல் கணேஷ்:
ஓர் இடத்து 430-ஐயும் அடுத்தவர் தோட்டத்து 105-ஐயும் ஒப்பிடுகிறீர்களே அண்ணே, மண்ணும் உரமும் ஒன்றா? 2017 ஒக்கிப் புயலில் எங்கள் சரிவில் விழுந்ததில் நல்ல தடித்த மரங்களும் உண்டு. பருமனை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

தாஸ் அண்ணே, ரகத்தைவிட நாற்றுதான் எனக்குப் பயம். ஒரு தனியார் நர்சரியில் 430 என்று பை பையாக வாங்கினேன். நாலாம் வருடம் பார்த்தால் இலையும் கிளையும் மூன்று விதம். ரசீதில் 'ரப்பர் கன்று' என்று மட்டும் எழுதியிருந்தது, யாரிடம் போய்ச் சண்டை போட? ஒட்டுக் கட்ட வெட்டியெடுத்த மொட்டு எந்தத் தாய்மரத்தில் எடுத்தது என்று கேட்டு, ரசீதில் ரகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று ரகம் கலந்து வைப்பதும் நல்லது, நோய் வந்தால் மொத்தமாகப் போகாது.

தாம்பரம் தாஸ்:
ராத்திரி அப்பாவுக்குப் போனில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். '430 வைக்கிறதென்றால் வை' என்றார். அப்புறம், 'அந்த வேளச்சேரிக்காரர் மரத்தில் பால் வெட்டுகிற ஆள் யார் என்று கேள், நம் தோட்டத்துக்கு அவர் வேண்டாம்.'