இல்லத்துப் பிள்ளைகள்: ஒட்டலாமா, கூடாதா? 17 வயசுக்காரங்களுக்கு என்ன செய்யணும்?

புதுவார்டன்:
வணக்கம். குழந்தைகள் இல்லம், 24 பசங்க, 9 முதல் 17 வயசு வரை. இல்லத் தாய்மார் மூணு பேர், ஷிஃப்ட் முறை. "பிள்ளைங்ககிட்ட ரொம்ப ஒட்டாதீங்க, நாளைக்கே நம்மள மாத்திடுவாங்க"ன்னு பழைய ஆட்கள் சொல்றாங்க. சரியா? ஒருத்தன் தலையணைக்கு அடியில சப்பாத்தி ஒளிச்சு வைக்கிறான், கட்டிலெல்லாம் எறும்பு. ரெண்டு பேருக்கு 17 முடியப்போகுது, 18 ஆனா இல்லத்தை விட்டுப் போகணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வேப்பங்காற்று:
ஒட்டாதீங்கன்னு சொல்றது பிள்ளைக்காக இல்ல, நம்ம மனசு நோகாம இருக்க. ருமேனியாவில் புக்கரெஸ்ட் இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளை வைத்து 2000-களின் தொடக்கத்தில் ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனாங்க. அதிலும் இரண்டு வயசுக்குள் போனவங்கதான் ஒட்டுதலில் நல்லாத் தேறினாங்க. உங்க பசங்க அந்த வயசைத் தாண்டிட்டாங்க, ஆனா ஒரே முகம் வேணும்கிறது மாறல.

24 பேரை எட்டு எட்டாப் பிரிச்சு, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு இல்லத் தாய் பொறுப்பு. ரேங்க் கார்டில் கையெழுத்து, ஆஸ்பத்திரி, பள்ளிக் கூட்டம் எல்லாம் அவங்களே. லீவு போடும்போது "ஞாயித்துக்கிழமை வரமாட்டேன், திங்கள் காலை வருவேன்"னு பிள்ளைகிட்டயே சொல்லணும், சொன்னபடி வரணும்.

ஷிஃப்ட் நோட்டில் "அனைவரும் நலம்"னு எழுதினா அது வெத்துக் காகிதம். "ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தான். கணக்குப் பரீட்சை பயம். காலையில் கிளறாதீங்க, மாலை டீ நேரத்தில் பேசுங்க." இப்படி இருக்கணும். வேலையை விட்டுப் போறவங்க ரெண்டு வாரம் முன்னாடியே பிள்ளைகளுக்குச் சொல்லிட்டுப் போகணும். அஞ்சு "அம்மா" சொல்லாமக் காணாமப் போனதைப் பார்த்த பிள்ளை, ஆறாவது ஆள்கிட்ட காய்ச்சல்னுகூடச் சொல்லாது.

கடலைமிட்டாய்:
சப்பாத்திக்கு வர்றேன். அது திருட்டு இல்ல. பட்டினி கிடந்த பழக்கம், சாப்பாடு நிச்சயம்னு உடம்பு நம்புற வரைக்கும் போகாது. படுக்கையைச் சோதனை போட்டா ஒளிக்கிற இடம்தான் மாறும். இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பா ஒண்ணு வாங்கி, அவன் பேர் எழுதி, கடலைமிட்டாய், பொட்டுக்கடலை போட்டுக் கொடுங்க. தினமும் ராத்திரி படுக்கும்முன் நிரப்புங்க. காலி பண்ணிட்டானேன்னு கேட்காதீங்க, திரும்ப நிரப்புங்க. டப்பா ரெண்டு மூணு நாள் தொடாமலே இருக்க ஆரம்பிச்சா நம்பிக்கை வந்திருக்குன்னு அர்த்தம். தண்டனையா ஒரு வேளை சோத்தை நிறுத்தினா முதல் படிக்கே திரும்பிடும். திருத்துறேன்னு பிள்ளையை அடிக்கிறது இளைஞர் நீதிச் சட்டம் 82-வது பிரிவில் குற்றம், அதையும் ஸ்டாஃபுக்குச் சொல்லி வையுங்க.

ஓடிபி_தொல்லை:
17 வயசுக்காரங்களுக்கு முதல்ல காகிதம். வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே பிற்காப்புத் திட்டம் (இல்லத்தை விட்டுப் போனப்புறம் என்ன உதவின்னு எழுதுறது) குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகணும்னு விதி. நடைமுறையில் 16 வயசிலேயே தொடங்கினாத்தான் முடியும், சாதிச் சான்று ஒண்ணே மாசக்கணக்கில் இழுக்கும். பிற்காப்பு 21 வயசு வரை, விதிவிலக்கா 23 வரை. மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4000 ரூபாய், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியா.

அதிகம் பேர் மாட்டிக்கிறது ஆதாரில். 15 வயசில் கைரேகை, கருவிழியைப் புதுப்பிச்சாங்களான்னு பாருங்க. இணைச்ச செல்போன் நம்பர் எப்பவோ மாறிப்போன கண்காணிப்பாளருடையதா இருக்கும், ஓடிபி அவருக்குப் போகும். 18 ஆனதும் வரிசை மாறாம: அவன் பேரில் சிம், அந்த நம்பரை ஆதாரில் ஏத்துறது, அப்புறம் மைனர் வங்கிக் கணக்கை மேஜரா மாத்துறது.

இன்னொண்ணு. இலவச சீட்னு யாராவது தந்தா நடுவில் தனியார் பள்ளிக்கு மாத்திடாதீங்க. தமிழ்நாட்டில் பொதுவா 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருந்தாத்தான் மருத்துவ, பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு.

புதுவார்டன்:
நன்றி. ஆளுக்கு எட்டுன்னு பிரிச்சா, "அவங்க அம்மா நல்லவங்க, எங்க அம்மா கோவக்காரி"ன்னு சண்டை வராதா?

வேப்பங்காற்று:
வரும். வீட்டிலும் வரும். பரிசும் தின்பண்டமும் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

கடலைமிட்டாய்:
சமையலை விட்டுட்டோம். இல்லத்தில் அண்டா அளவில்தான் சோறு வேகும். ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணின்னு 18 வயசுப் பையனுக்குத் தெரியாது. சின்ன குக்கர் ஒண்ணு வாங்குங்க. சனிக்கிழமை ரெண்டு பெரிய பசங்க சேர்ந்து ரெண்டு பேருக்கு மட்டும் சமைக்கட்டும், 150 ரூபாய் கையில் கொடுத்து காய்கறியும் அவங்களே வாங்கட்டும். மிச்சச் சில்லறையைக் கணக்கு கேளுங்க, ஆனா திரும்ப வாங்காதீங்க. முதல் வாரம் குழைஞ்சுதான் போகும், இரண்டரை டம்ளர் தண்ணி விட்டிருப்பாங்க. புது அரிசின்னா இரண்டே போதும்.