ஆங்கில வகுப்பிலேயே வேலைக்கான திறன்களைப் பழக்க உதவி தேவை

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள களுவாஞ்சிகுடியில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடும் 18 பேருக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பெரும்பாலானோர் அப்பரீட்சையின் பொது ஆங்கிலப் பாடத்தில் சித்தியடைந்தவர்கள். ஆயினும் பாசிக்குடா கடற்கரையிலுள்ள சுற்றுலா விடுதிகளில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றால் அவர்களுக்குப் பேச்சு எழுவதில்லை.

சென்ற வாரம், நேர்முகத் தேர்வை வேறு நாளுக்கு மாற்றித் தருமாறு தொலைபேசியில் கேட்கும் பயிற்சியொன்றைக் கொடுத்தேன். ஒரு மாணவி கொப்பியில் பிழையின்றி எழுதி வைத்திருந்தார்; ஆனால் நான் மறுமுனையிலிருந்து "ஹூ இஸ் காலிங், ப்ளீஸ்?" என்று கேட்டதும், அது கொப்பியில் இல்லாத கேள்வியாகையால், கைபேசியை மெல்ல மேசையில் வைத்துவிட்டார். இதை இலக்கணக் குறை என்று சொல்ல முடியாது. விளங்காததைத் தயங்காமல் மீண்டும் கேட்பது, வாடிக்கையாளரின் முறைப்பாட்டைப் பொறுமையாகக் கேட்டு மேலதிகாரிக்குத் தெரிவிப்பது, குழுவில் மாற்றுக் கருத்தைப் பண்பாகச் சொல்வது ஆகியவற்றை மொழியோடு சேர்த்தே பழக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாரத்துக்கு 4 மணித்தியாலமே கிடைப்பதால் இதற்கெனத் தனிப்பாடம் வைக்க இயலாது. வழமையான பாடத்துக்குள்ளேயே இணைக்கக்கூடிய பாத்திரமேற்று நடிக்கும் பயிற்சிகளும், அவற்றுக்குப் புள்ளியிடும் முறையும் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். விடுதியிலோ வங்கியிலோ பணிபுரியும் ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்து மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தித் தந்தால் பேருதவியாக இருக்கும்.