ஸ்கூபா டைவிங் போகிறவருக்கு டெர்ம் பாலிசி: பிரீமியத்தைக் குறைக்க வழி உண்டா?

ஆழம்28:
வணக்கம். வயது 31, புகைப்பழக்கம் இல்லை, தொடர்ந்து எடுக்கும் மருந்து எதுவும் இல்லை. அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் (டைவிங்கில் இரண்டாம் நிலை) சான்றிதழ் இருக்கிறது. இதுவரை 64 டைவ். இரண்டைத் தவிர எல்லாமே 30 மீட்டருக்குள். அந்த இரண்டும் டீப் பயிற்சியில் பயிற்றுநருடன் 36 மீட்டர் வரை போனவை. 10 லட்சத்துக்கு 25 ஆண்டு டெர்ம் பாலிசி தேவை. ஆன்லைனில் 'சாகச விளையாட்டு: ஆம்' என்று போட்டதும் ஒரு நிறுவனத்தில் ஆண்டு பிரீமியம் 1,000-லிருந்து 3,500 ஆகிவிட்டது. இன்னொன்று அதே 1,000-க்குத் தருகிறது, ஆனால் டைவிங்கில் இறந்தால் பணம் கிடையாது என்ற விலக்கோடு. எதை எடுப்பது? வேலையிடத்துக் குரூப் காப்பீட்டை மட்டும் நம்பலாமா? டைவிங்கை மறைக்கும் எண்ணம் இல்லை, அதனால் அந்த யோசனை வேண்டாம்.

பிரீமியக்கணக்கு:
3,500 எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். இதற்கு ஃபிளாட் எக்ஸ்ட்ரா என்று பெயர். காப்புத்தொகையில் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று கூடுதலாகப் போடுவார்கள். உங்களுக்கு ஆயிரத்துக்கு 2.5 போட்டிருக்கிறார்கள், 10 லட்சத்துக்கு 2,500. அடிப்படை 1,000-ஐச் சேர்த்தால் 3,500. சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ பெரும்பாலும் சதவீதக் கணக்கில்தான் ஏற்றுவார்கள். பொழுதுபோக்குக்கு அப்படி இல்லை: விபத்து ஆபத்து வயதோடு பெரிதாக மாறாது என்பதால் 31 வயதுக்காரருக்கும் 50 வயதுக்காரருக்கும் அதே 2.5தான். அடிப்படை பிரீமியம் குறைவாக இருக்கும் இளம் வயதில் அதனால்தான் மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று தெரிகிறது.

ஆனால் உங்கள் விவரத்துக்கு இந்த ஃபிளாட் எக்ஸ்ட்ராவே தேவையா என்பது எனக்குச் சந்தேகம். சான்றிதழோடு, துணையோடு, 30 மீட்டருக்குள் பொழுதுபோக்காக டைவ் செய்பவரைச் சாதாரண பிரீமியத்திலேயே எடுக்கும் நிறுவனங்கள் பல உண்டு. ஆன்லைன் படிவத்தின் 'ஆம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு தொடக்கநிலை ஓப்பன் வாட்டர் சான்றிதழோடு 18 மீட்டரில் நிற்பவரும், கலப்பு வாயுவோடு 70 மீட்டர் குகைக்குள் போகிறவரும் ஒன்றுதான். வேறுபாட்டை நீங்கள்தான் எழுத்தில் காட்ட வேண்டும்.

டைவிங் கேள்வித்தாள் என்று தனியாக ஒன்று இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். 'எப்போதாவது போவேன்' என்று எழுதினால் அண்டர்ரைட்டர் (விண்ணப்பத்தின் ஆபத்தை மதிப்பிட்டு பிரீமியம் முடிவுசெய்பவர்) மோசமான பக்கத்தைத்தான் எடுத்துக்கொள்வார். காலியாக விட்ட கட்டத்துக்கும் அதே கதி. இப்படி எழுதுங்கள்: கடந்த 12 மாதத்தில் எத்தனை டைவ், 0–18 மீட்டரில் எத்தனை, 18–30-ல் எத்தனை, 30–40-ல் எத்தனை, சுவாசித்தது காற்றா நைட்ராக்ஸா (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று), தனியாக டைவ் செய்ததுண்டா, குகை, பனிக்கட்டிக்கு அடியில், மூழ்கிய கப்பலுக்குள் போனதுண்டா, டீகம்ப்ரஷன் நிறுத்தம் (மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று வருவது) தேவைப்பட்ட டைவ் உண்டா, டீகம்ப்ரஷன் நோய் (அழுத்தம் குறையும்போது உடலில் வாயுக் குமிழ் உண்டாவது) வந்ததுண்டா. இல்லாததற்கு 'இல்லை' என்றே எழுதுங்கள், கோடு போட்டு விடாதீர்கள்.

பலர் சறுக்குவது 'அதிகபட்ச ஆழம்' கட்டத்தில். அங்கே 36 என்று மட்டும் எழுதினால் 64 டைவும் அந்த ஆழத்துக் கணக்கில் போய்விடும். '36 மீட்டர், 2 முறை, பயிற்சி டைவ், பயிற்றுநருடன். மீதி 62 டைவ் 30 மீட்டருக்குள்' என்று அதே கட்டத்தில் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாள். டைவ் கம்ப்யூட்டரில் இருந்து இறக்கிய லாக், சான்றிதழ் நகல் இரண்டையும் இணையுங்கள். கேட்ட பிறகு அனுப்புவதைவிட முதலிலேயே வைப்பது நல்லது.

அடுத்தது வரிசை. நாலு நிறுவனத்தில் ஒரே நேரத்தில் முறையான விண்ணப்பம் போடாதீர்கள். 'இதற்கு முன் எந்த நிறுவனமாவது மறுத்ததா, தள்ளிப்போட்டதா, கூடுதல் பிரீமியம் கேட்டதா' என்ற கேள்வி அனேகமாக எல்லாப் படிவத்திலும் இருக்கிறது. ஒரு இடத்தில் விழுந்த மறுப்பை அடுத்த இடத்தில் எல்லாம் சொல்லியாக வேண்டும். பல நிறுவனங்களோடு வேலை செய்யும் ஒரு புரோக்கரைப் பிடித்து, பெயர் இல்லாத முன்விசாரணையாக மேற்சொன்ன விவரங்களை ஒரு பக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வரும். நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பெரிய தொகை என்றால் கோப்பு மறுகாப்பீட்டு நிறுவனத்துக்கும் (காப்பீட்டு நிறுவனத்துக்கே காப்பீடு தருவது) போகலாம். ஸ்விஸ் ரீ, மியூனிக் ரீ போன்றவற்றுக்குச் சொந்தக் கையேடே உண்டு. அதனால் விவரம் முழுமையாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

க்ளெய்ம்_மேசை:
மேலே சொன்னது சரி. விலக்கு உள்ள பாலிசியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கல் வெளிப்படுவது குடும்பத்தின் கையில்.

டைவிங் மரணங்களில் இறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் 'நீரில் மூழ்கி மரணம்' என்றுதான் எழுதப்படும். உண்மையில் தொடக்கம் இதயக் கோளாறாக இருந்திருக்கலாம்; தண்ணீருக்கடியில் நினைவிழந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் (சுவாசக் கருவி) நழுவும், முடிவு மூழ்குதலாகப் பதிவாகும். கரையில் நடந்திருந்தால் மறுகேள்வி இல்லாமல் பணம் வந்திருக்கும் அதே மாரடைப்பு, விலக்கின் கீழ் தர்க்கமாக மாறிவிடும். 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்ற சொற்கள் விலக்கில் இருந்தால் படகில் ஏறிய பிறகு வரும் மரணத்தையும் இழுக்கப் பார்ப்பார்கள். 'நீருக்கடி நடவடிக்கைகள்' என்று பொதுவாக இருந்தால் ஸ்நார்க்கலிங்கும் உள்ளே வந்துவிடும்.

அதனால் கையெழுத்துக்கு முன்பே விலக்கின் முழு வாசகத்தைக் கேளுங்கள், சுருக்கத்தை அல்ல. மாற்றித் தரவும் கேட்கலாம்: '40 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம், குகை, கப்பலின் உட்பகுதி, சான்றிதழ் எல்லையை மீறிய டைவ்' என்று சுருக்கினால் உங்கள் வழக்கமான டைவ்கள் எல்லாம் காப்புக்குள் நிற்கும். சில இடங்களில் இத்தகைய விலக்கை வைக்கவே சட்டம் இடம் தராது. அங்கே கூடுதல் பிரீமியம் அல்லது மறுப்பு, இரண்டில் ஒன்றுதான்.

எங்கும் ஃபிளாட் எக்ஸ்ட்ரா இல்லாமல் கிடைக்கவில்லை என்றால் தொகையைப் பிரியுங்கள். உங்கள் எண்களிலேயே: 7 லட்சம் விலக்கோடு 700; 3 லட்சம் முழுக் காப்போடு 300 + 750 = 1,050. மொத்தம் 1,750, அதாவது 3,500-ல் பாதி. டைவிங்கில் இறந்தாலும் அந்த 3 லட்சம் காப்புக்குள் இருக்கும். எனவே கடன் பாக்கி எவ்வளவோ அதற்குக் குறையாமல் முழுக் காப்புப் பகுதியை வையுங்கள். இரண்டு விண்ணப்பத்திலும் மற்றதைக் குறிப்பிட வேண்டும்.

குரூப் காப்பீட்டில் பொழுதுபோக்கைப் பற்றிப் பொதுவாகக் கேட்க மாட்டார்கள், வாங்கி வையுங்கள். ஆனால் வேலை போனால் அதுவும் போகும், தொகையும் சம்பளத்தின் மடங்குதான். அடித்தளமாக வைக்கலாம், கூரையாக வைக்காதீர்கள். விபத்து மரண ரைடரையும் (பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் காப்பு) டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற டைவிங் காப்பீட்டையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலாவதில் ஆபத்தான விளையாட்டுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. இரண்டாவது முக்கியமாகச் சிகிச்சை, ரீகம்ப்ரஷன் அறை (டீகம்ப்ரஷன் நோய்க்கு மறுபடி அழுத்தம் தரும் அறை), அவசரமாகக் கொண்டுபோகும் செலவு இவற்றுக்கானது.

கயிறும்_காராபினரும்:
மற்ற விளையாட்டுக்காரர்கள் இந்த இழையைத் தேடி வந்தால்: முறை இதேதான், எண்கள் மட்டும் வேறு. மலையேற்றத்தில் 'க்ளைம்பிங்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதவே கூடாது. உட்புறச் சுவரில் ஏறுவதும் 6,000 மீட்டர் பனிச்சிகரமும் வேறு வேறு கட்டம். அதிகபட்ச உயரம், கிரேடு, கயிறு உண்டா, தனியாகவா, ஆண்டுக்கு எத்தனை முறை என்று எழுதுங்கள். பாராகிளைடிங்கில் ஒருமுறை டாண்டமில் பயணியாகப் போனது வேறு, பைலட்டாக ஆண்டுக்கு 80 மணி நேரம் பறப்பது வேறு. போட்டியும் அக்ரோவும் (வானில் சாகச வித்தை) தனியாகக் கேட்கப்படும். ஸ்கைடைவிங்கில் ஆண்டுக் குதிப்பு எண்ணிக்கையும் லைசென்ஸும்: அமெரிக்கப் பாராசூட் சங்கமான யூ.எஸ்.பி.ஏ. முறையில் ஏ-க்கு 25, பி-க்கு 50, சி-க்கு 200, டி-க்கு 500 குதிப்பு வேண்டும். பேஸ் ஜம்பிங்குக்கு (கட்டடம், பாறை முகடு போன்றவற்றிலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) பெரும்பாலும் கதவு மூடியே இருக்கும்; விலக்கோடு கிடைத்தாலே பெரிது.

ஆழம்28:
மிக்க நன்றி, மூவருக்கும். ஒன்று கேட்க விட்டுப்போனது. அடுத்த ஆண்டு ரெக் (wreck, மூழ்கிய கப்பல்) டைவிங் பயிற்சி எடுக்கலாமா என்று யோசனை இருக்கிறது, பணம் கட்டவில்லை. அதையும் எழுத வேண்டுமா? பின்னால் டைவிங்கையே நிறுத்திவிட்டால் கூடுதல் பிரீமியம் குறையுமா?

பிரீமியக்கணக்கு:
கேள்வி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 'அடுத்த 12 மாதத்தில் செய்ய உத்தேசமா' என்றிருக்கும், சிலவற்றில் 24 மாதம். கையெழுத்துப் போடும் நாளில் எண்ணம் இருந்தால் 'ஆம்' தான், பணம் கட்டாவிட்டாலும். முன்விசாரணையிலேயே இரண்டு விதமாகவும் கேட்டுப் பாருங்கள்: கப்பலின் வெளிப்புறம் மட்டும் என்றால் எவ்வளவு, உள்ளே நுழைந்தால் எவ்வளவு. வித்தியாசத்தைப் பார்த்துப் பயிற்சியைத் தள்ளிப்போட முடிவெடுத்தால், அந்த முடிவு உண்மையாக இருக்கும்வரை 'இல்லை' என்று எழுதலாம். விண்ணப்பத்துக்கும் பாலிசி கைக்கு வருவதற்கும் இடையில் மனம் மாறினால் சொல்லியாக வேண்டும். பாலிசி நடைமுறைக்கு வந்த பிறகு புதிதாகத் தொடங்குவதைத் தெரிவிக்கும் கடமை பெரும்பாலான பாலிசிகளில் இல்லை. உங்களுடையதில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

நிறுத்தினால் குறையும், ஆனால் தானாகக் குறையாது. டைவ் செய்து ஓராண்டோ இரண்டாண்டோ ஆனதும் மறுபரிசீலனை கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். எத்தனை மாதம் கழித்துக் கேட்கலாம் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

க்ளெய்ம்_மேசை:
இதோடு ஒன்று: பாலிசியை லேப்ஸ் ஆக விடாதீர்கள். தவணை தவறி, சலுகை நாட்களும் கடந்து, மறுபடி உயிர்ப்பிக்கப் போனால் புது அறிவிப்பு கேட்பார்கள். அந்த நாளில் ரெக் டைவிங் செய்துகொண்டிருந்தால் அதைச் சொல்ல வேண்டும். பழைய பிரீமியம் கிடைக்காமல் போகலாம். பல நாடுகளில் தொடக்கத்து 2 அல்லது 3 ஆண்டுகள் நிறுவனம் உங்கள் பதில்களைத் தோண்டிப் பார்க்கும் காலம். உயிர்ப்பித்தால் அந்தக் கணக்கும் முதலில் இருந்து ஓடத் தொடங்கலாம். வங்கிக் கணக்கில் தானியங்கிப் பிடித்தம் போட்டுவிடுங்கள். நிரப்பிய கேள்வித்தாளின் நகலை நாமினியிடம் கொடுத்து வையுங்கள். 36 மீட்டரை நீங்கள் முன்பே சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அவரிடம் இருக்கும் சாட்சி அந்தத் தாள்தான்.